எட்டாவது சீசன்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அத்தாவுல்லா பாயைக் கையில் பிடிக்க முடியாது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குள் ஸ்போர்ட்ஸ் சாமான் கடை வைத்திருப்பவர். மற்ற மாதங்களில் கேரம் பவுடரும் ஷட்டில் காக்கும் பள்ளிக்கூடத்துப் பரிசுக் கோப்பைகளும் விற்றுக்கொண்டு சாதுவாகத்தான் இருப்பார். ஆகஸ்ட் வந்ததும் சட்டைப்பையில் இரண்டு பேனா ஏறிவிடும். யாராவது வந்து பந்து கேட்டால், எழுதுகிற தாளிலிருந்து தலையைத் தூக்காமலே "அந்தப் பக்கம் கீது, எடுத்துப் பாரு" என்பார். 'தென்புறம்' வாரப் பத்திரிகையில், ஏகாம்பர முதலியார் கல்லூரி ஃபுட்பால் டீம் வரப்போகிற சீசனில் எப்படி ஆடும் என்று முழுப் பக்கம் எழுதுவது அவர்தான்.

'தென்புறம்' என்பதைப் பத்திரிகை என்று சொல்வதற்கே கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். சனிக்கிழமை காலையில் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் தினசரிப் பேப்பருக்குள் செருகி வரும் எட்டுப் பக்க இலவசம் அது. அதில் ஆறு பக்கம் கூடுவாஞ்சேரி மனை விளம்பரம். ஆசிரியர் குப்புராஜே மனை விற்கிறவர்தான். ஆனாலும் செப்டம்பர் முதல் வாரத்தில் மட்டும் ஜனங்கள் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் படிப்பார்கள். கோல்கீப்பர் யார், பின்வரிசை தாங்குமா, போன வருடம் அரையிறுதியில் டைபிரேக்கரில் தோற்ற டீம் இந்த வருடமாவது கப்பைத் தூக்குமா என்று டீக்கடையில் பேச்சு நடக்கும். ஹாஸ்டல் பையன்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து டிரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

பாய்க்கு அதில் ஒரு கர்வம் உண்டு. பத்து வருடமாக எழுதுகிறார், ஒரு தேதி பிசகியது கிடையாது, போடாத கோலைப் போட்டதாக எழுதியது கிடையாது. வாலிபத்தில் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனி டீமுக்கு லெஃப்ட் பேக் ஆடி முழங்காலைத் தொலைத்தவர். அதனால் ஆடுகிறவனின் வலி தெரியும். அதைவிட, யார் எந்த வருடம் எந்த நம்பர் பனியன் போட்டான் என்பது விரல் நுனியில் இருக்கும். கல்லூரிக்கு ஜெர்சியில் நம்பர் அடித்துக் கொடுப்பவரே அவர்தான். எழுத்தாளர்களுக்கு இருக்கிற வியாதி அவருக்கும் இருந்தது. தெரிந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும், ஒன்றையும் உள்ளே வைத்துக்கொள்ளக் கூடாது.

2006-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் உதயா கடைக்கு வந்தான். டீமின் ஆறாம் நம்பர், நடுவரிசை ஹாஃப். பீர்க்கன்கரணைக்காரன். அவன் அப்பன் காலத்தில் ஏரிக்கரையில் நிலம் இருந்தது. அது லேஅவுட்டாகி, கைக்கு வந்தது சாராயமாகி, அப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மா முனியம்மா பெருங்களத்தூரில் நாலு அபார்ட்மென்ட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். இவனுக்கும் கல்யாணம் ஆகி சுபத்ரா என்று பெண்டாட்டியும், நடக்கப் பழகுகிற ஒரு குழந்தையும் உண்டு. மைதானத்தில் இருபத்திரண்டு பேரையும் ஆட்டிவைக்கிறவன், கடைக்குள் வந்தால் நாற்காலியில் உட்காரவே கூச்சப்படுவான்.

அன்றைக்கு உட்கார்ந்தான்.

"பாய், இந்த ஒரு வருசந்தான்" என்றான். "சென்ட்ரல் கவர்மென்ட்டு ஆபீஸு ஒண்ணுல ஃபுட்பாலுக்கு ரெண்டு போஸ்ட்டு போட்டுக்கீறாங்க. அவுங்க கோச்சு என் ஆட்டத்த ரெண்டு தபா வந்து பாத்துட்டாரு. சர்ட்டிபிகேட்டோட வா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்னுட்டாரு."

"எந்த சர்ட்டிபிகேட்டு?"

"இந்த வருசம் காலேஜு டோர்னமென்ட்டு ஆடுன சர்ட்டிபிகேட்டு. பழசு செல்லாதாம். அது மட்டும் கையில இருந்தா ஜனவரில வேலை பாய். கோட்டர்ஸு கூட உண்டாம். அம்மாவ இனிமே வூட்டு வேலைக்கு அனுப்ப மாட்டேன்."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சுபாவம் அப்படி, அடுத்தவனுக்கு நல்லது வந்தால் இவருக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். அவன் கொண்டு வந்திருந்த பழைய ஷூவின் அடியில் இருந்த ஸ்டட் குமிழ்களை எல்லாம் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டு, "போடா, இந்த வருசம் உன்னப் பத்தி எழுதறேன் பாரு. அந்த ஆபீஸ்காரன் படிச்சிட்டு வூட்டுக்கே வந்து கூப்பிடணும்" என்றார்.

உதயா எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்ட ஒரு குடும்பமே உள்ளே நுழைந்தது. அவன் ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் பாய் கல்லூரி மைதானத்தில் இருந்தார். ஒவ்வொரு வருடமும் கட்டுரைக்கு முன்னால் ஒரு வாரம் பயிற்சியைப் பார்ப்பது அவர் வழக்கம். தண்டவாளத்தை ஒட்டிய மைதானம். மின்சார ரயில் போகும்போதெல்லாம் விசில் சத்தம் கேட்காது, பையன்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார்கள். பாய் குறிப்பு எடுத்தார். கோல்கீப்பர் வாஜித் நல்ல பாய்ச்சல், ஆனால் கார்னரில் உயரப் பந்துக்குத் தடுமாறுகிறான். ரைட் பேக் கனம் குறைய வேண்டும். முன்வரிசையில் புதிதாக அரிகிருஷ்ணன் என்று ஒருவன், ஓட்டம் இருக்கிறது, நிதானம் இல்லை.

உடற்கல்வி இயக்குநர் சத்தியநாதன் பக்கத்தில் வந்து நின்றார். டீமுக்கு எல்லாம் அவர்தான்: கோச், மேனேஜர், ஃபார்ம் எழுதுகிற குமாஸ்தா. சுற்றிலும் பையன்கள் ஸ்ட்ரெச்சிங் செய்துகொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாய், இந்தத் தடவை உதயாவைப் பத்தி ரொம்ப எழுத வேண்டாம். பேர் மட்டும் போடுங்க. அதுகூட இல்லாட்டியும் பரவாயில்லை."

"ஏன் சார்?"

"காரணம் கேக்காதீங்க. சொன்னா புரிஞ்சுக்கணும்."

சொன்னால்தானே புரிந்துகொள்வதற்கு. ஒரு நிமிடம் பாயைத் தனியாக அழைத்துக்கொண்டு போய்க் காதில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சத்தியநாதன் செய்து வைத்திருந்த காரியம் வாயால் சொல்லிக்கொள்ளக் கூடியதாக இல்லை. அதனால் பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

பாய்க்கு வேறு கணக்கு ஓடியது. அந்தப் புதுப் பையன் அரிகிருஷ்ணன் சத்தியநாதனுக்கு மச்சினன் மகன். ஓஹோ, சொந்தக்காரப் பையனைத் தூக்கிவிட உதயாவை இருட்டடிப்புச் செய்யப் பார்க்கிறாரா? ஏழைப் பையனுக்கு வேலை கிடைக்கப்போகிற நேரத்தில் இப்படி ஒரு குறுக்குப் புத்தியா? பாய் பல்லைக் கடித்துக்கொண்டார். பேரே வேண்டாமாமே, பார்க்கலாம் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

அந்த வாரம் எழுதினார் பாருங்கள், அப்படி ஒரு எழுத்து. ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் அடித்து எழுதினார். வழக்கம்போல முதலில் படித்தது அவர் பெண்டாட்டி ஜெய்னப். அவளுக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனால் எழுத்துப் பிழை பார்ப்பதில் கெட்டிக்காரி. சமையலறை வாசலில் நின்றபடியே படித்துக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"ஏங்க, எட்டு வருசமாவா இந்தப் புள்ள காலேஜு போவுது? எங்க மாமா பேரன் டாக்டருக்குப் படிச்சான், அவனுக்கே அஞ்சரை வருசந்தான் ஆச்சு."

"பி.ஏ. மூணு, எம்.ஏ. ரெண்டு, அப்பறம் வருசத்துக்கு ஒரு டிப்ளமோ. லேபர் லா, டூரிசம், இப்ப யோகா."

"யோகாவா?"

"ஆட்டக்காரங்கள காலேஜுல வெச்சிருக்க அப்படித்தான் சேத்துக்குவாங்க. வயசு இருபத்தஞ்சுக்குள்ள இருந்தா ஆடலாம். இவனுக்கு இருபத்துநாலுதான். உனக்கு இதெல்லாம் புரியாது, எழுத்துப் பிழை இருந்தா மட்டும் சொல்லு."

"பிழை ஒண்ணும் இல்ல" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை கட்டுரை வந்தது. பாய் விடிந்ததும் பேப்பரை வாங்கி, கடைசிப் பக்கத்தை நாலு தரம் படித்து, ஐந்தாம் தரம் படிக்கும்போது கடை ஃபோன் அடித்தது. சத்தியநாதன்.

"பாய், நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட?"

"உண்மையத்தான சார் எழுதிக்கீறேன். எது தப்புன்னு சொல்லுங்க."

"எதுவும் தப்பில்லை. அதுதான் பிரச்சினை" என்றார் சத்தியநாதன். "வயசு மட்டும் இல்ல பாய், இன்னொரு விதி இருக்கு. பிளஸ் டூ பாஸ் பண்ணி ஏழு சீசன்தான் ஆடலாம். அவன் பாஸ் பண்ணது தொண்ணூத்தொம்பது. போன வருஷத்தோட முடிஞ்சு போச்சு. அந்த ஆபீஸ்ல வேலை வருதுன்னு தெரிஞ்சதும், யூனிவர்சிட்டி ஃபார்ம்ல ரெண்டாயிரம்னு போட்டு அனுப்பிட்டேன். ஒரே ஒரு வருஷம், யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். நீங்க எட்டாவது சீசன்னு பத்திரிகையில போட்டு, எந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சான்னும் போட்டிருக்கீங்க."

பாய் பேப்பரைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஆமாம், மூன்றாவது பத்தியில் இருந்தது. "ஆறாம் நம்பர் உதயாவுக்கு இது எட்டாவது சீசன். 1999 செப்டம்பரில், பிளஸ் டூ முடித்த கையோடு, கொட்டுகிற மழையில் அவன் ஆடிய முதல் ஆட்டத்தை இந்தக் கட்டுரையாளர் குடையில்லாமல் நின்று பார்த்தார். அன்று முதல் ஒரு சீசன்கூட அவன் தவறவிட்டதில்லை." கட்டுரையிலேயே பாய்க்கு மிகவும் பிடித்த வரிகள் இவைதான்.

பத்து மணிக்கு உதயா வந்தான். கோபமாக வந்திருந்தால் பாய்க்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வெளிறிப்போய் வந்து கண்ணாடி ஷோகேஸ் பக்கத்தில் நின்றான்.

"எட்டுன்னு எதுக்கு பாய் போட்டீங்க?"

"எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது. அன்னிக்கு நீயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். அப்பறம் நீங்கதான வருசா வருசம் நம்பர் அடிக்கிறீங்க, உங்களுக்குத் தெரியாததா, தெரிஞ்சவருகிட்டப் போயி பொய் சொல்லச் சொல்லுறதான்னு வெக்கமாப் போச்சு."

பாய் கடையை அப்படியே பூட்டினார். டி.வி.எஸ். ஃபிப்டியில் உதயாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சேலையூரிலிருந்து ஆரம்பித்தார். பேப்பர் கடை, சலூன், டீக்கடை, எங்கே 'தென்புறம்' கண்ணில் பட்டாலும் கேட்டு வாங்கினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், தன் எழுத்தைத் தானே ஒழிக்க ஊர் ஊராக அலைந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் கட்டுரையை சுவரிலேயே ஒட்டிவிட்டிருந்தார். "சூப்பரா எழுதிக்கீறீங்க பாய்" என்றார். பாய் அதைக் கிழித்துத் தரச் சொன்னார். சாயந்திரத்துக்குள் இருநூறு பிரதி தேறியது. அச்சடித்தது ஆறாயிரம்.

ஒரு வாரம் போயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. பாய் ஐந்து வேளையும் பள்ளிவாசலில் இருந்தார். முதல் ஆட்டம் நடந்தது. மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள், உதயா இரண்டு கோல் போட்டான், வாஜித் பாய்ந்து பாய்ந்து பிடித்தான், கார்னர் பந்துக்கு மட்டும் தடுமாறினான். பாய் கட்டுரையில் எழுதியபடியே எல்லாம் நடந்தது. அந்தக் கர்வம்கூட அவருக்கு லேசாக எட்டிப் பார்த்ததென்றால் மனுஷ ஜென்மத்தை என்ன சொல்வது. யாரும் கவனிக்கவில்லை, இனிமேல் கவலையில்லை என்று ஜெய்னபிடம் சொல்லிவிட்டு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

பன்னிரண்டாம் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. உதயாவின் தகுதி குறித்துப் புகார் வந்திருக்கிறது, விசாரணை முடியும் வரை டீம் ஆடக் கூடாது. கட்டுரையாளர் அத்தாவுல்லாவும் நேரில் வர வேண்டும்.

விசாரணைக்கு முன்தினம் பாய் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். பொய் சொல்லிவிடுவது. கதை கட்டினேன், பக்கம் நிரப்ப எழுதினேன், வருடம் எல்லாம் தப்பு என்று சொல்லிவிடுவது. தன் பேர் கெட்டால் கெட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? பத்து வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே சொத்து அது. அதையும் கொடுத்துவிடலாம், அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தால் போதும் என்று நினைத்தார். அப்படி நினைத்தபோது மனசு லேசாகவும் ஆயிற்று.

ஓர் அறையில் நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் சத்தியநாதனும் உதயாவும். இன்னொரு பக்கம், குன்றத்தூர்ச் சாலையில் இருக்கிற வேறொரு கல்லூரியின் கோச் சவுரிமுத்து. புகார் கொடுத்தவர் அவர்தான். நரைத்த மீசை, மடியில் ஒரு பச்சை ஃபைல்.

"இதை எழுதினது நீங்கதானா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"ஆமா சார். ஆனா அதுல இருக்கறது எல்லாம் சும்மா சார். எனக்கு வயசாச்சு, ஞாபகம் சரியா இல்ல. இவன் ரெண்டாயிரத்துலதான் வந்தான். மழையில நின்னேன், குடையில்லன்னு எழுதனதுகூட ஒரு இதுக்குத்தான். ஜனங்க படிக்கணும்னு அளந்து வுட்டேன்."

வாயிலிருந்து வார்த்தை வரும்போது பாய்க்குக் காது மடல் எரிந்தது. உதயா தலையைக் குனிந்துகொண்டான்.

சவுரிமுத்து எழுந்தார். பாயைப் பார்த்துத்தான் பேசினார், மேஜைக்காரர்களைப் பார்க்கவில்லை.

"சார், நீங்க ஏன் உங்களை இப்படிக் கேவலப்படுத்திக்கிறீங்க? உங்க கட்டுரை ஒண்ணு விடாம வச்சிருக்கேன். எதிர் டீம் எப்படின்னு தெரிஞ்சுக்க ஆரம்பிச்சேன், அப்பறம் உங்க எழுத்துக்காகவே வாங்கினேன். இதுல ஒரு தப்பு நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் எட்டாவது சீசன்னு படிச்சதும்தான் பழசை எல்லாம் எடுத்து எண்ணிப் பார்த்தேன்."

ஃபைலைத் திறந்தார். பத்து வருடத்துக் கடைசிப் பக்கமும் பிளாஸ்டிக் உறைக்குள், வருட வரிசைப்படி இருந்தது. 1999-ஐ எடுத்துப் படித்தார். "பீர்க்கன்கரணையிலிருந்து உதயா என்று ஓர் ஒல்லிப் பையன் புதிதாக வந்திருக்கிறான். இன்னும் மீசை அரும்பவில்லை. ஆனால் பந்து இவன் காலுக்கு வந்தால் மைதானம் பெரிதாகிவிடுகிறது." பிறகு 2000, 2001, 2002. ஒவ்வொன்றிலும் உதயா இருந்தான். தன் எழுத்தை ஒருத்தர் இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார் என்று வேறு ஒரு நாள் தெரிந்திருந்தால் பாய் அவரைக் கட்டிப் பிடித்திருப்பார். இப்போது அந்த ஃபைலைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாமா என்று கை பரபரத்தது.

"போன வருஷம் என் கேப்டனுக்கு இதே விதி" என்றார் சவுரிமுத்து. "ஃபார்ம்ல ஒரு நம்பரை மாத்தியிருந்தா அவனும் ஆடியிருப்பான். நான் மாத்தல, வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவன் இன்னிக்கு வண்டலூர் பஸ் ஸ்டாப்ல இளநி வெட்டறான். தினம் அவனைப் பார்த்துட்டுதான் நான் காலேஜுக்குப் போறேன். இவனை மட்டும் விட்டுட்டேன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

அந்த மனிதரைத் திட்டக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லையே என்றுதான் பாய்க்கு ஆத்திரமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஏகாம்பர முதலியார் கல்லூரி இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. ஜெயித்த ஆட்டம் செல்லாது. சத்தியநாதன் மேல் கல்லூரி நடவடிக்கை எடுக்க வேண்டும். உதயாவுக்குச் சான்றிதழ் கிடையாது. தகுதி மோசடி என்று அந்த மத்திய அரசு அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும். பாய் பொய் சாட்சி சொன்னதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். வயசானவர் என்று இரக்கம்.

படியிறங்கும்போது உதயா பாயின் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். முழங்கால் கெட்டவர் என்று அவனுக்குத் தெரியும். "வுடுங்க பாய்" என்று மட்டும் சொன்னான். அதன் பிறகு பாய் மூன்று தரம் பீர்க்கன்கரணைக்குப் போனார். மூன்று தரமும் சுபத்ரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "தூங்குறாரு" என்றாள். மூன்றாவது தரம் உள்ளே அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

நவம்பர் முதல் வாரம். இரண்டு நாளாக விடாத மழை, மார்க்கெட்டில் முட்டியளவு தண்ணீர், ஈ காக்கை இல்லை. காலை பதினொரு மணிக்கு முனியம்மா கடை வாசலில் வந்து நின்றாள். வேலை முடித்து நேராக வந்திருக்கிறாள், புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. பாய் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து மடித்த பேப்பரை எடுத்தாள். அந்தக் கடைசிப் பக்கம்.

"நான் வேலை செய்யற வூட்டு அம்மா குடுத்தாங்க பாய். உன் புள்ள வாழ்க்க இதாலதான் போச்சுன்னாங்க. எனக்குப் படிக்க வராது. நீ கொஞ்சம் படி, கேக்கறேன்."

"வேணாம்மா."

"படி பாய். சண்ட போட வரல."

"உதயா எப்படிக் கீறான்?"

"கன்டெய்னர் யார்டுல லோடு ஏத்தப் போறான். யார் மேலயும் கோவம் இல்லன்றான். திட்டினாலாச்சும் தேவலாம். வாயே தொறக்க மாட்டேன்றான், புள்ளயக்கூட தூக்க மாட்டேன்றான். அதான் எனக்கு பயமா கீது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவன் எப்படி ஆடுவான்னு நான் பாத்ததே இல்ல பாய். அந்நேரம் வேலைக்குப் போயிடுவேன். நீ எழுதுனதுல கீதாமே."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பத்தியில் மழையைப் பற்றியும் மைதானத்தைப் பற்றியும் இருந்தது. இரண்டாவதில் வாஜித், பின்வரிசை. மூன்றாவதுக்கு வந்ததும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். உதயா எப்படித் தலையைத் தூக்காமலே யார் எங்கே நிற்கிறான் என்று தெரிந்துகொள்வான், விழுந்த எதிரிப் பையனை எப்படிக் கை கொடுத்து எழுப்புவான், தோற்ற ஆட்டத்தில் எல்லோரும் போன பிறகு எப்படி ஒருத்தனாகக் கொடிக்கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வருவான் என்று எல்லாம் எழுதியிருந்தார். "இப்படி ஒரு பையனைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள்" என்றுகூட ஒரு வரி இருந்தது. அதையும் படித்தார்.

முனியம்மா ஷோகேஸைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"நல்லாத்தான கீது" என்றாள். "கெட்டதா ஒண்ணுமே இல்லியே. இதுல எது பாய் அவன் வேலைய எடுத்துச்சு?"

பாய் பேப்பரை ஷோகேஸ் மேல் விரித்து, மூன்று வரிகளின் மேல் விரலை வைத்தார். அவள் குனிந்து, தனக்குப் படிக்க வராத அந்த எழுத்துகளைப் பார்த்தாள். ஈர விரலால் அவளும் தொட்டாள், மை லேசாகக் கலைந்தது.

"இத்தினிதானா?"

"ஆமா."

"இதுல இன்னா எழுதிக்கீற?"

"அவன் மொத தபா எப்ப ஆட வந்தான், எத்தினி வருசமா ஆடறான், நான் மழையில நின்னு பாத்தது. அவ்ளோதாம்மா."

வெளியே யாரோ தண்ணீருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"இது இல்லாம எழுதியிருந்தா அவனுக்கு வேலை கெடச்சிருக்குமா?"

"கெடச்சிருக்கும்."

"இது இல்லன்னாலும் நல்லாத்தான பாய் இருந்திருக்கும்?"

பாய் கண்ணாடியைக் கழற்றினார். மூன்றாவது பத்தியை மனசுக்குள் ஒரு தரம் அந்த மூன்று வரி இல்லாமல் சொல்லிப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "நல்லாத்தான் இருந்திருக்கும்."